35 ஆண்டுக் கழுத்து வலி

டொராண்டோவின் பேஸ்பால் அரங்கமான ரோஜர்ஸ் சென்டரில், 2023 பருவம் முடியும்வரை, மூன்றாவது பேஸைத் தாண்டிக் கீழடுக்கில் டிக்கெட் எடுத்தவருக்கு ஒரு விஷயம் முதல் இன்னிங்ஸிலேயே புரிந்துபோயிருக்கும். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து நேராகப் பார்த்தால் கண்ணெதிரே இருப்பது மைதானத்தின் நடுப்பகுதி. அங்கே கையுறை மாட்டிய ஒருவர் பெரும்பாலும் சும்மா நின்றுகொண்டிருப்பார். பிட்சர் எறிவதும் பேட்டர் அடிப்பதும் வலப்பக்கம், தோளுக்குப் பின்னால் என்று சொல்லுமளவுக்கு ஒதுங்கி நடக்கும். ஒன்றிரண்டு பந்து என்றால் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 300 பந்து வீசுகிறார்கள். ஏழாவது இன்னிங்ஸில் கழுத்து கணக்குக் கேட்க ஆரம்பித்துவிடும்.

இந்த அரங்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் வழக்கமாக இரண்டு தீர்ப்பு கிடைக்கும். ஒன்று, அந்தக் காலத்து கான்கிரீட் கிண்ணம், அப்படித்தான் இருக்கும். இன்னொன்று, கட்டியவர்களுக்கு பேஸ்பால் தெரியாது. இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. பத்தே ஆண்டு கழித்து, அதே நகரத்தில், நடந்து போகிற தூரத்தில் இன்னொரு கட்டிடம் எழுந்தது. அதிலும் இரண்டு ஆட்டம்தான். ஒன்று பனியில், இன்னொன்று மரத்தரையில். அங்கே யாருக்கும் கழுத்து வலிக்கவில்லை. ஆக, ஒரே உறையில் இரண்டு கத்தி போகுமா போகாதா என்பது கொல்லனின் திறமை மட்டுமல்ல, கத்திகளின் வடிவத்தையும் பொறுத்தது. டொராண்டோவின் அரங்கங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். ஆனால் விவாதம் எப்போதும் பணத்திலும் அரசியலிலும் போய் நின்றுவிடுகிறது.

மழையில் பிறந்த கோரிக்கை

கதை எக்ஸிபிஷன் ஸ்டேடியத்தில் தொடங்குகிறது. ஏரிக்கரையில், ஆர்கனாட்ஸ் அணி 1959 முதல் கனடிய ஃபுட்பால் ஆடிவந்த மைதானம். இந்த ஃபுட்பால் நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். 1977-இல் ப்ளூ ஜேஸ் என்ற பேஸ்பால் அணி பிறந்தபோது பேஸ்பாலையும் அதற்குள்தான் திணித்தார்கள். அந்த வருடம் ஏப்ரல் 7-ஆம் தேதி முதல் ஆட்டம், எதிரணி சிகாகோ வைட் சாக்ஸ். காலையில் பார்த்தால் மைதானம் முழுக்கப் பனி. ஹாக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸின் ஜாம்போனி வண்டியை (பனித்தளத்தைச் சீவிச் சமப்படுத்துவது) இரவல் வாங்கி வந்து வழித்தெடுத்து ஆட்டத்தை நடத்தினார்கள். ஜேஸ் 9-5 என்று ஜெயித்தது. ஹாக்கிக்கான வண்டி இந்நகரத்தின் பேஸ்பாலைத் தொடங்கிவைத்தது என்று சொன்னால் மிகையில்லை.

பனி ஒரு நாளைக்குத்தான். வடிவச் சிக்கல் தினமும் இருந்தது. நீளமான ஃபுட்பால் செவ்வகத்தின் ஒரு மூலையில் பேஸ்பாலின் வைர வடிவக் களத்தைப் போட்டதால், மறு முனையில் இருந்த இருக்கைகள் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து 250 மீட்டர்வரை விலகிப் போயின. அங்கிருந்து பந்து தெரியாது. பேட்டரின் சட்டை நிறம் தெரிந்தால் அதிர்ஷ்டம். அவற்றை பேஸ்பாலுக்கு விற்பதையே விட்டுவிட்டார்கள். கூரை இருந்தது வடக்கு ஸ்டாண்டுக்கு மட்டும்தான். பேஸ்பால் நாளில் அது இடது ஃபீல்டுக்குப் பின்னால் போய்விடும். நனையாமல் பார்க்க வேண்டுமா, எட்ட உட்கார். கிட்டே வேண்டுமா, நனை.

1982 நவம்பரில் கனடிய ஃபுட்பாலின் கிரே கோப்பை இறுதியாட்டம் அங்கே நடந்தது. ஆர்கனாட்ஸ் சொந்த ஊரில் எட்மன்டனிடம் 32-16 என்று தோற்றது. அதைவிட மழைதான் நினைவில் நின்றது. கொட்டோ கொட்டென்று கொட்டிய குளிர்மழையில் கூட்டத்தில் பாதி ஸ்டாண்டுக்கு அடியில் ஒண்டியது. மறுநாள் நகர மண்டபத்தில் கூடியவர்கள், தோற்ற அணிக்குக் கைதட்டிவிட்டு, “எங்களுக்குக் கூரை வேண்டும்” என்று கோஷம் போட்டார்கள். ஏழு ஆண்டுகளில் ஸ்கைடோம், அதாவது இன்றைய ரோஜர்ஸ் சென்டர், எழுந்தது.

அந்தக் கோஷத்தை உற்றுக் கவனியுங்கள். கூரைதான் கேட்டார்கள். யார் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது கிடைத்தது.

கூரை என்ற அற்புதம்

கூரையைக் குறைசொல்ல எதுவுமில்லை. கட்டிடக்கலைஞர் ராட் ராபியும் பொறியாளர் மைக்கேல் ஆலனும் வடிவமைத்த அந்தக் கூரைக்கு நான்கு பலகங்கள். ஒன்று அசையாது. நடுவிலுள்ள இரண்டும் இணையான தண்டவாளங்களில், ரயில் பெட்டிபோல, நேர்கோட்டில் நகரும். நான்காவது, அரைக் கிண்ணம்போல இருப்பது, வட்டத் தண்டவாளத்தில் 180 பாகை சுற்றிப் போய் அசையாத பலகத்தோடு ஒதுங்கிக்கொள்ளும். மூன்றும் ஒதுங்கியபின் மைதானம் முழுவதும், இருக்கைகளில் பத்தில் ஒன்பதும் வானத்துக்குத் திறந்திருக்கும். மொத்த எடை சுமார் 11,000 டன். திறக்க 20 நிமிடம், மூட 20 நிமிடம். 1989-இல் இப்படி முழுவதும் எந்திரத்தால் திறந்து மூடும் அரங்கக் கூரை உலகத்தில் வேறெங்கும் இல்லை.

அந்த 20 நிமிடத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மழை வருகிறதா என்று பார்த்துவிட்டு மூட ஆரம்பித்தால் தாமதம்தான். ரேடாரைப் பார்த்து முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். காற்று பலமாக இருந்தாலோ குளிர் அதிகமாக இருந்தாலோ பலகங்களை நகர்த்தமாட்டார்கள். 1989 ஜூன் 3-ஆம் தேதி திறப்பு விழாவில், கூரை திறக்கும் வித்தையைக் காட்டியே தீருவது என்று மழையிலேயே திறந்தார்கள். மழைக்குப் பயந்து கட்டிய அரங்கத்தின் முதல் இரவில் விருந்தாளிகள் தெப்பலாக நனைந்தார்கள். இதைக் கற்பனையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். கூரைக்கு வந்த இன்னொரு சோதனை மேலேயிருந்து வந்தது. 2018 ஏப்ரல் 16-ஆம் தேதி பக்கத்திலிருக்கும் சிஎன் கோபுரத்திலிருந்து பனிக்கட்டி பெயர்ந்து விழுந்து கூரையைப் பொத்தது. கான்சஸ் சிட்டி ராயல்ஸுடனான அன்றைய ஆட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

செலவு 57 கோடி கனடிய டாலர். 2004-இல் ரோஜர்ஸ் நிறுவனம் அதை வாங்கியது 2.5 கோடிக்கு. இந்த இரண்டு எண்ணும் டொராண்டோவில் குழந்தைக்கும் தெரியும், அதனால் அதில் நிற்கவில்லை. கூரைக்குக் கீழே போவோம்.

மூலை வேறு, செவ்வகம் வேறு

கனடிய ஃபுட்பால் மைதானம் 110 கெஜம் நீளம், 65 கெஜம் அகலம். இரு முனையிலும் 20 கெஜ எண்ட் ஸோன், அதாவது பந்தோடு போய்ப் புள்ளி எடுக்கும் பகுதி. மொத்தம் 150 கெஜம், அதாவது 137 மீட்டர். ஆட்டம் இந்த நீளத்தில் முன்னும் பின்னும் அலையும். எனவே நல்ல இருக்கை என்பது பக்கவாட்டுக் கோட்டுக்கு இணையாக, நடுக்கோட்டை ஒட்டி இருப்பது. நேராகப் பார்த்தால் போதும், தலை இரண்டு பக்கமும் சமமாகத் திரும்பும், டென்னிஸ் பார்ப்பதுபோல.

பேஸ்பால் அப்படியல்ல. அது ஒரு மூலையின் ஆட்டம். பிட்சர் நிற்கும் ரப்பர் பட்டைக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 18.44 மீட்டர். அந்த 300 பந்தும் இந்தச் சந்துக்குள்தான் போகின்றன. எப்போதாவதுதான் ஒன்று பறந்து வெளியே வரும். ரோஜர்ஸ் சென்டரில் இரு ஓரக் கோடுகளும் 328 அடி, நேர் நடுவில் 400 அடி. விசிறியை விரித்து வைத்ததுபோன்ற வடிவம். விசிறியின் கைப்பிடியில்தான் எல்லாம் நடக்கிறது. ஆகவே ஓரக்கோட்டை ஒட்டி எவ்வளவு தள்ளிப் போனாலும் ஒவ்வொரு நாற்காலியும் கைப்பிடியைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். தள்ளிப் போகப் போகத் திருப்பம் கூட வேண்டும்.

இந்த இரண்டையும் ஒரே கிண்ணத்தில் வைக்க ஸ்கைடோம் செய்தது, கீழடுக்கு ஸ்டாண்டுகளைத் தண்டவாளத்தில் ஏற்றியது. ஃபுட்பால் நாளில் அவை நகர்ந்து பக்கவாட்டுக் கோட்டுக்கு இணையாக வரும், பேஸ்பால் நாளில் விலகிப் போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தண்டவாளத்தில் ஓடும் ஸ்டாண்டு ஒரே துண்டாகத்தான் ஓடும். நாற்காலிகளைத் தனித்தனியாகத் திருப்பும் வேலை அதற்குத் தெரியாது. ஒரு ஆட்டத்துக்குத் திருப்பிப் பூட்டினால் இன்னொன்றுக்குக் கெட்டுவிடும். ஆக, இரண்டுக்கும் பொதுவான ஒரே திசை, கட்டிடத்தின் நடு. எல்லா நாற்காலியும் அங்கே பார்த்தது. அதாவது இரண்டு ஆட்டத்தில் எதுவும் நடக்காத இடத்தை அல்ல, இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் நடக்கிற இடத்தை. சமரசம் என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடையாது.

கஷ்டகாலம் என்னவென்றால், ஸ்கைடோம் திறந்து மூன்றே ஆண்டில், 1992-இல், பால்டிமோரில் கேம்டன் யார்ட்ஸ் திறந்தது. பேஸ்பாலுக்கு மட்டும் என்று கட்டியது. பார்த்தவர்கள் எல்லோரும் இனி இப்படித்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, ஃபிலடெல்ஃபியா என்று இரட்டை உபயோக வட்டக் கிண்ணங்கள் ஒவ்வொன்றாக இடிந்தன. ஸ்கைடோம் அந்த வரிசையின் கடைசிப் பிள்ளைகளில் ஒன்று, எல்லாவற்றிலும் கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் குடும்பம் நொடித்துப்போகும் நேரத்தில் பிறந்தது. இருந்தும் 1992-லும் 1993-லும் அங்கே ஆடிய அணிதான் உலகத் தொடரை வென்றது. ஆண்டுக்கு 40 லட்சம்பேர் வந்தார்கள். 1993-இல் ஜோ கார்ட்டர் அடித்த பந்து இடது ஃபீல்டு சுவரைத் தாண்டி அந்தத் தொடரை முடித்துவைத்த இரவில் கழுத்து வலியைப் பற்றி யாரும் புகார் சொல்லியிருக்கமாட்டார்கள்.

1995-இல் ராப்டர்ஸ் பிறந்தபோது கூடைப்பந்தையும் அதே கிண்ணத்தில் வைத்தார்கள். 94 அடி நீளமுள்ள ஒரு தரையை, 400 அடி மைதானத்தின் ஓரத்தில் விரித்து, மீதியைத் திரைபோட்டு மறைத்து ஆடினார்கள். கல்யாண மண்டபத்தில் இரண்டு பேர் சதுரங்கம் ஆடியதுபோல. சில பருவம் தாக்குப்பிடித்தது.

பனிக்கு மேல் மரம்

இப்போது அந்த இன்னொரு கட்டிடம். 1999 பிப்ரவரியில் ஏர் கனடா சென்டராகத் திறந்து, 2018 முதல் ஸ்கோஷியாபேங்க் அரீனாவாக இருப்பது. பழைய தபால் கட்டிடத்தின் வெளிச்சுவரை வைத்துக்கொண்டு உள்ளே எழுப்பியது. இதன் வரலாற்றில் ஒரு சின்னத் திருப்பம் உண்டு. ராப்டர்ஸ் 1997-இல் இதைப் பெரிதும் கூடைப்பந்தை மனதில் வைத்துத்தான் கட்டத் தொடங்கியது. 1998-இல் லீஃப்ஸின் உரிமையாளர்கள் அணியையும் பாதி எழும்பிய கட்டிடத்தையும் சேர்த்து வாங்கி, ஹாக்கிக்கும் பொருந்துமாறு வரைபடத்தை மாற்றினார்கள். கான்கிரீட் இறுகுவதற்கு முன் மாற்றினார்கள் என்பதுதான் காரியம். ப்ரூக்ளினில் பார்க்லேஸ் சென்டருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. கூடைப்பந்துக்கென்று முடிந்த கட்டிடத்தில் 2015-இல் ஐலண்டர்ஸ் ஹாக்கி ஆட வந்தபோது ஸ்கோர்போர்டு பனித்தளத்தின் நடுவில் இல்லாமல் ஒருபக்கம் தள்ளித் தொங்கியது. ஒரு முனையில் இருந்தவர்களுக்குப் பக்கத்திலிருந்த கோல் தெரியவில்லை. சின்னதற்குள் பெரியதை வைக்க முடியாது. பெரியதற்குள் சின்னதை வைக்கலாம்.

என்ஹெச்எல் ஹாக்கிப் பனித்தளம் 200 அடிக்கு 85 அடி. என்பிஏ கூடைப்பந்துத் தரை 94 அடிக்கு 50 அடி. இரண்டும் செவ்வகம், இரண்டுக்கும் ஒரே நடுப்புள்ளி, ஒரே நீளவாட்டு. ஒன்றுக்குள் ஒன்று பாத்திரம்போல அடங்குகிறது. மிச்சம் விழுவது இரு முனையிலும் 53 அடி, பக்கங்களில் 17 அடி சொச்சம். அந்த இடத்தில் மடக்கு ஸ்டாண்டுகளை இழுத்துவிட்டால் முடிந்தது. நிரந்தர நாற்காலி ஒன்றையும் திருப்ப வேண்டியதில்லை. கூடைப்பந்துக்கு 19,800 பேர், ஹாக்கிக்கு 18,800 பேர். சின்ன ஆட்டத்துக்குக் கூட்டம் கூடுதல், ஏனென்றால் மிச்சமான பனியின்மேலும் ஆள் உட்காருகிறார்கள்.

ஆமாம், பனியின்மேல். ஹாக்கி முடிந்ததும் பனியை உருக்கி வழித்துவிட்டு மரத்தரை போடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பனி அங்கேயேதான் இருக்கிறது, பருவம் முழுவதும். கான்கிரீட் தளத்துக்குள் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் உறையாத குளிர்திரவம். மேலே ஓர் அங்குலச் சொச்சம் பனி. அதை ஒரே ஊற்றாக ஊற்றி உறையவிடக் கூடாது, காற்றுக் குமிழியும் வெடிப்பும் வரும். மெல்லிய படலமாகத் தெளித்து, உறையவிட்டு, மறுபடி தெளித்து ஏற்ற வேண்டும். சில படலம் ஆனதும் வெள்ளைப் பூச்சு, அப்புறம் கோடுகளும் சின்னங்களும், அவற்றுக்கு மேல் இன்னும் பல படலம். தண்ணீரில் உப்பு அதிகமிருந்தால் பனி மங்கலாகவும் மென்மையாகவும் போகும், அதனால் சுத்திகரித்த நீர்தான். இவ்வளவு பாடுபட்டு ஏற்றியதை ஒவ்வொரு கூடைப்பந்துக்கும் உருக்க யாருக்குக் கட்டுப்படியாகும்?

மாற்றும் வேலை ஹாக்கிக் கூட்டம் வெளியேறும்போதே தொடங்குகிறது. முதலில் பனியைச் சுற்றியுள்ள கண்ணாடிகளைக் கழற்றி, எண்ணிட்ட தள்ளுவண்டிகளில் வரிசையாகச் செருகுவார்கள். வரிசை தப்பினால் திரும்ப மாட்டும்போது ஏதாவதொரு மூலையில் அரை விரற்கடை இடைவெளி விழும். வேகமாக வரும் பக், அதாவது ஹாக்கி வட்டு, அதைத்தான் தேடிப் பிடிக்கும். அடுத்து தேவையான இடத்தில் பலகைச் சுவர்களை எடுப்பது. பிறகு காப்புப் பலகைகள். வெப்பம் கடத்தாத இந்தப் பலகைகளை ஒரு முனையிலிருந்து பதித்துக்கொண்டே போக, ஃபோர்க்லிஃப்ட் அவற்றின்மேலேயே ஓடி அடுத்த அடுக்கைக் கொண்டுவரும். அதற்கு மேல்தான் மேப்பிள் மரத்தரை, 4 அடிக்கு 8 அடித் துண்டுகளாக, ஒன்றோடொன்று கொக்கியும் முளையும் போட்டு இறுக்கி. முதல் வரிசையில் ஒரு நூல் பிசகினால் கடைசி வரிசையில் அது ஒரு விரலாகிவிடும். அதனால்தான் முதல் சில துண்டுகளுக்கு நேரம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஓட்டமாக முடிப்பார்கள். கடைசியில் எதிர் எடை ஏற்றிய கூடைக் கம்பங்களை உருட்டி வந்து நிறுத்தி, உயரம் 10 அடி இருக்கிறதா என்று அளந்து, நேரக் கடிகாரத்துக்குக் கம்பி இழுப்பார்கள். ஓரிரவில் முடிகிற வேலை.

கெட்டுப்போவது பெரும்பாலும் மரத்திலோ கொக்கியிலோ இல்லை, காற்றில்தான். ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்தாலே சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். 19,000 பேர் என்றால் 1,900 கிலோவாட், கூடவே மூச்சில் ஈரம். கீழே காப்புப் பலகையின் மேற்பரப்பு குளிர்ந்திருக்கிறது. வெளியே வசந்தகால மழை என்றால் கதவு திறக்கும்போதெல்லாம் ஈரக் காற்று உள்ளே வரும். அந்த ஈரம் நீராகப் படியும் வெப்பநிலைக்குக் கீழே தரை குளிர்ந்தால், குளிர்பானக் கண்ணாடிக் குவளைக்கு வெளியே வேர்ப்பதுபோல மரத்தரை வேர்க்கும். 2016 நவம்பர் 30-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் 76ர்ஸ்-கிங்ஸ் ஆட்டத்தை இதனால்தான் தள்ளிவைத்தார்கள். எத்தனை துடைத்தாலும் நிற்கவில்லை. ஈரமான தரையில் ஏழடி உயர மனிதர் ஓடி வந்து நிற்கப் பார்த்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே கூடைப்பந்துத் தரை போடும் குழுவின் உண்மையான எதிரி அடுத்த அணி அல்ல, ஈரமானி. மழைக்கால ஆட்டத்துக்கு முன் பல மணிநேரம் ஈரம் உறிஞ்சும் எந்திரங்களை ஓட்டிவைப்பார்கள்.

தலைகீழ் மாற்றத்தில் வேறு வகைத் தொல்லை. மூடிவைத்த பனிக்கு மேலிருந்து வெப்பம் வராததால், குளிர்சாதனத்தைத் தளர்த்தாமல் விட்டால் பனி தேவைக்குமேல் குளிர்ந்து போகும். அதிகம் குளிர்ந்த பனி கண்ணாடிபோல. ஸ்கேட் பட்டால் சில்லு தெறிக்கும். பலகைகளை எடுத்ததும் மேலே தூசியும் பலகை விளிம்பின் தடமும் இருக்கும். ஜாம்போனியைத் தண்ணீர் விடாமல் ஓட்டி முதலில் சீவி, பிறகு சுடுநீர்ப் படலமாகச் சில தடவை ஏற்றுவார்கள். சுடுநீர் ஏன் என்றால், அது மேல்தளத்தை லேசாக இளக்கிவிட்டுக் கீறலுக்குள் இறங்கி ஒன்றாக உறையும். பச்சைத் தண்ணீர் விட்டால் மேலே தனித் தோலாக நின்றுகொண்டு பிறகு உரிந்து வரும்.

இத்தனை தொல்லையும் ஊழியர்களோடு முடிகிறது. பார்க்க வந்தவரின் கழுத்துக்கு எதுவும் வரவில்லை. ஸ்கைடோமுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அதுதான் எல்லாம்.

ஆர்கனாட்ஸ் வெளியேறிய நாள்

ரோஜர்ஸ் சென்டருக்கு விடிவு 2016-இல் வந்தது. அதைப் பலர் ஃபுட்பால் செய்தியாக மட்டுமே படித்தார்கள். ஆர்கனாட்ஸ் கிளம்பி பிஎம்ஓ ஃபீல்டுக்குப் போய்விட்டது. கீழடுக்கு ஸ்டாண்டுகள் பேஸ்பால் நிலையிலேயே நின்றுவிட்டன. தண்டவாளங்களுக்கு வேலை போயிற்று.

அதன் முதல் விளைவு மண். அதுவரை பேஸைச் சுற்றி மட்டும் சின்னச் சின்ன மண் கட்டங்கள், மீதியெல்லாம் செயற்கைப் புல். ஃபுட்பால் நாளில் புல்லை விரித்து மூட வேண்டுமே, முழு மண் எப்படிப் போடுவது? 2016 ஏப்ரலில் முதல் முறையாக முழு மண் இன்ஃபீல்டு வந்தது. இன்ஃபீல்டு என்றால் பேஸ்களைச் சுற்றிய உட்களம். மண் என்றால் வெறும் மண்ணல்ல. களிமண், வண்டல், மணல் கலவை. ஈரம் சரியாக இருந்தால் பூட்ஸ் முள் பதிந்து பிடிக்கும், பந்து ஒழுங்காக எழும்பும். காய்ந்தால் சிமெண்டுத் தரை, பந்து எங்கே துள்ளும் என்று அங்கே நின்று தடுக்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கே தெரியாது. கூரை மூடியிருக்கும் நாட்களில் மழை வந்து நனைக்காது, எல்லா ஈரமும் குழாயிலிருந்துதான் வரவேண்டும். எவ்வளவு, எப்போது என்பது ஒரு கைப்பக்குவம்.

இரண்டாவது விளைவுக்கு ஏழெட்டு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 கோடையில் 30 கோடி டாலர் திட்டம் அறிவித்து, இரண்டு குளிர்காலத்தில் செய்தார்கள். ஆண்டுக்கு 81 ஆட்டம் அங்கே நடக்க வேண்டும், அதனால் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையே கிடைக்கும் இடைவெளிதான் அவகாசம். முதல் குளிர்காலத்தில் அவுட்ஃபீல்டு, அதாவது வெளிக்களம். சீரான சுவருக்குப் பதில் இடத்துக்கு இடம் உயரம் மாறும் சுவர், 8 அடியிலிருந்து 14 அடிக்குமேல். பிட்சர்கள் கைபழகும் புல்பென்களை மேலே தூக்கினார்கள், அவற்றைச் சுற்றி நின்று பார்க்கும் இடங்கள் வந்தன. இரண்டாவது குளிர்காலத்தில்தான் உண்மையான அறுவை. கீழடுக்கை அடியோடு இடித்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு பகுதியும் இன்ஃபீல்டை நோக்கித் திரும்பும்படி புதிதாகக் கட்டினார்கள். 2024 ஏப்ரலில் அது திறந்தபோது மூன்றாம் பேஸைத் தாண்டி உட்கார்ந்தவர் 35 ஆண்டில் முதல்முறையாக நேராகப் பார்த்தார், பேட்டர் எதிரே நின்றார்.

இதற்கு விலை உண்டு. 49,000-க்குமேல் இருந்த இருக்கைகள் 39,000 சொச்சமாகக் குறைந்தன. கேட்டால் நட்டம் போலத்தான் தெரியும். ஆனால் 2025 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்துக்கு 44,000-க்குமேல் ஆள் இருந்தார்கள், நின்று பார்த்தவர்களையும் சேர்த்து. டாட்ஜர்ஸிடம் 11 இன்னிங்ஸில் 5-4 என்று தோற்ற அந்த இரவில் வலித்தது வேறிடத்தில்.

புல்லுக்கு யார் பொறுப்பு?

ஆர்கனாட்ஸ் போன இடத்தில் சுமை புல்லின் தலையில் விழுந்தது. பிஎம்ஓ ஃபீல்டு, பழைய எக்ஸிபிஷன் ஸ்டேடியம் இருந்த அதே நிலத்தில், 2007-இல் கால்பந்து அணியான டொராண்டோ எஃப்சிக்காகக் கட்டியது. கால்பந்து ஆடுகளம் சுமார் 105 மீட்டர் நீளம். கனடிய ஃபுட்பாலுக்கு 137 வேண்டும். இங்கேயும் செவ்வகத்துக்குள் செவ்வகம்தான், ஆனால் பிறகு வந்ததுதான் நீளமானது. கூடுதல் நீளத்துக்கு முனைகளைக் குடைந்தார்கள். அப்படியும் போதாமல் எண்ட் ஸோனை 20-லிருந்து 18 கெஜமாக வெட்டினார்கள். முனைகளில் செயற்கைப் புல்லும் ஒட்டுப்போட்டது. ஸ்டாண்டுகளின் திசை கெடவில்லை, அதனால் பார்ப்பவருக்குக் குறையில்லை.

ஃபுட்பாலில் 100 கிலோவைத் தாண்டிய ஆட்கள் ஒரே கோட்டில் நின்று ஒருவரையொருவர் தள்ளுகிறார்கள். மிதி முழுவதும் நடுப்பட்டையில் விழும். ஐந்து கெஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் பெரிய சின்னம். பெயிண்ட் இலையை மூடினால் புல் மூச்சுமுட்டும். கால்பந்துக்கு அதைக் கழுவி, போகாததைப் பச்சையடித்து மறைத்தாலும் டிவியில் பேய்க்கோடாகத் தெரியும். 2016-இல் இந்தச் சோதனை உச்சத்துக்குப் போனது. நவம்பர் 27 ஞாயிறு அங்கே கிரே கோப்பை இறுதி. நவம்பர் 30 புதன் டொராண்டோ எஃப்சி-மாண்ட்ரியல் கால்பந்து அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். நடுவே மூன்றே நாள், கனடிய நவம்பரில், புல் வளர மறுக்கும் குளிரில். எப்படியோ சமாளித்தார்கள், டொராண்டோ 5-2 என்று ஜெயித்தது. கோடு விஷயத்தில் மாண்ட்ரியலைக் கேலிசெய்யவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. அதே மோதலின் முதல் ஆட்டத்தில் மாண்ட்ரியல் ஒலிம்பிக் மைதானத்தில் பெனால்டி பெட்டியைத் தப்பான அளவில் வரைந்துவிட்டு, ஆட்டத்தை நிறுத்திவைத்து அழித்து வரைந்தார்கள்.

பிறகு இயற்கைப் புல்லோடு பிளாஸ்டிக் இழைகளைத் தைத்துச் சேர்க்கும் கலப்புப் புல்லுக்கு மாறினார்கள். இழை வேரைப் பிடித்துக்கொள்வதால் முள் பட்டால் கொத்தாகப் பெயர்ந்து வராது. தரைக்கடியில் சூடேற்றும் குழாயும் உண்டு. இவையெல்லாம் புல்லின் வாழ்நாளை நீட்டும், நீளத்தைக் குறைக்காது. நீளத்தைக் குறைக்கும் முடிவு 2025-இல் லீக்கிடமிருந்தே வந்தது: 2027 முதல் கனடிய ஃபுட்பால் மைதானம் 100 கெஜம், எண்ட் ஸோன் 15 கெஜம். மொத்தம் 130 கெஜம், அதாவது 119 மீட்டர். கால்பந்தைவிட அதிகம் 14 மீட்டர்தான், முனைக்கு 7. பரம்பரை ரசிகர்கள் கொதித்தார்கள். ஆட்டத்தின் அடையாளமே அந்த அகன்ற மைதானம் என்பதால் கோபம் புரிகிறது. பிஎம்ஓ ஃபீல்டின் முனையில் நின்று பார்த்தால் எனக்கு அந்த முடிவில் பெரிய குற்றம் தெரியவில்லை. உலகக் கோப்பைக்காக 2026-இல் 17,000-க்குமேல் தற்காலிக இருக்கைகளை ஏற்றியது அந்த வடக்கு, தெற்கு முனைகளில்தான்.

இன்னொரு வழியும் இந்த ஊரில் உண்டு, மேலும் கீழுமாகப் பிரித்துக்கொள்வது. 1931-இல் ஐந்தரை மாதத்தில் கட்டி முடித்த மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் இப்போது கீழே லோப்லாஸ் மளிகைக்கடை, மேலே பழைய குவிமாடத்துக்கு நேர் கீழே பல்கலைக்கழகத்தின் பனித்தளம். ஒருகாலத்தில் பனித்தளத்தின் மையம் இருந்த இடத்தில் கடைத்தரையில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார்கள். தக்காளியும் ஹாக்கியும் ஒரே கட்டிடத்தில் சண்டையில்லாமல் இருக்கின்றன, ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே பார்வையாளர் தேவையில்லை.

அடுத்துக் கவனிக்க வேண்டிய இடம் கோகோ-கோலா கொலிசியம். 1920-களில் வேளாண் கண்காட்சிக்காகக் கட்டியது, 2003-இல் புதுப்பித்தது. மார்லீஸ் ஆண்கள் ஹாக்கி, செப்டர்ஸ் பெண்கள் ஹாக்கி, 2026 பருவத்திலிருந்து டெம்போ பெண்கள் கூடைப்பந்து. வடிவத்தில் சிக்கல் இல்லை, 85 அடிக்குள் 50 அடி அடங்கிவிடும். சிக்கல் நாட்காட்டியில். பெண்கள் கூடைப்பந்து மே மாதம் தொடங்குகிறது. ஹாக்கியின் பிளேஆஃப் மே மாதத்தில்தான் சூடுபிடிக்கும். மார்லீஸ் நன்றாக ஆடினால் ஜூன்வரை பனி வேண்டும். டொராண்டோவில் மே மாதக் காற்று ஏரி ஈரத்தைச் சுமந்து வரும். கொலிசியமோ ஏரிக்குப் பக்கத்தில். மூன்று அணியும் ஒரே வசந்தத்தில் ஜெயித்துத் தொலைத்தால், ஈரமானியைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்குத்தான் அதிக வேலை.